மின்வழங்கியின் யோக்கியதை

கோல சிலாங்கூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்பவர், ஜெராமைக் கடந்து சிறிது தூரம் போனதும், காப்பார் மின்நிலையத்தின் நெடிய புகைபோக்கிகளைக் காண்பார். 2,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சக்தியை உற்பத்தி செய்யும் பிரம்மாண்டமான நிலையம் அது. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் பத்து ஆராங் இருக்கிறது. அங்கே 1915 முதல் 1960 வரையில் வெட்டியெடுத்த நிலக்கரிதான் ஒரு காலத்தில் மலாயாவின் ரயில்களையும் மின்சார நிலையங்களையும் ஓட்டியது. இவ்வாறு இரு புறமும் மின்சக்தியின் வரலாறு சூழ்ந்திருக்க, நடுவில் கிடந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களிலோ, நெடுங்காலம் வரையில், நிர்வாகத்தின் ஜெனரேட்டர் ஓடுகிற சில மணி நேரந்தான் விளக்கு எரிந்தது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவிய தெனமாரமும் இதே வட்டாரத்தைச் சேர்ந்ததே. அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுக்கும் குலை தள்ளியவர்களுக்கும் பேரர்களாகவும் கொள்ளுப் பேரர்களாகவும் பிறந்த பிள்ளைகள் இன்று பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் தஞ்சோங் காராங்கிலும் தங்கள் கையாலேயே விளையாட்டுக் கணினிகளைப் பூட்டி அமைக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளிக்கிற விஷயம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துடன் ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. கணினி அமைக்கும் இளைஞர் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார். பிராசஸரைப் பற்றி நண்பர்களுடன் இரவெல்லாம் வாதிடுகிறார். கணினிப் பெட்டியின் கண்ணாடிக்கும் வண்ண விளக்குகளுக்கும்கூடத் தனியாகப் பணம் ஒதுக்குகிறார். கடைசியில், கையில் மிஞ்சியிருக்கும் நூறு ரிங்கிட்டுக்குள் அடங்குகிற ஏதேனும் ஒரு மின்வழங்கியை, அதாவது பவர் சப்ளையை, வாங்கிப் பின்புறத்தில் திருகி முடித்துவிடுகிறார். மற்ற எல்லா உறுப்புகளின் ஆயுளும் எந்த ஒன்றைச் சார்ந்திருக்கிறதோ அந்த ஒன்றுக்கே இந்த அலட்சியம் நேர்கிறது.

அந்த இரும்புப் பெட்டிக்குள் நடக்கும் காரியத்தைச் சற்றே விளங்கிக்கொண்டால், அதன் தராதரத்தை நிர்ணயிப்பது கடினமன்று. நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுமின்னோட்டம்; விநாடிக்கு 50 சுற்றுகளாக, 100 முறை திசை மாறுவது. கணினியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்ற அளவுகளில் அசையாமல் நிற்கும் நேர்மின்னோட்டம். வந்த மின்சாரத்தை முதலில் வடிகட்டி, நேர்மின்னோட்டமாக்கி, ஏறத்தாழ 380 அல்லது 400 வோல்ட்டுக்கு உயர்த்திப் பெரிய மின்தேக்கி ஒன்றில் நிரப்பி, பிறகு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதைத் துண்டித்துத் துண்டித்துச் சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியே இறக்கி, மறுபடியும் வடிகட்டி 12 வோல்ட்டாகக் கொடுப்பதே இன்றைய மின்வழங்கியின் வேலை. கொடுக்கும் 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கலாகாது, 12.6க்கு மேலே ஏறலாகாது என்பதும், அதன்மேல் படியும் சிற்றலை 120 மில்லி வோல்ட்டைத் தாண்டலாகாது என்பதும் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் பிரமாணத்தின் நெடுங்கால விதிகள். 1995இல் தோன்றிய அப்பிரமாணம் பலமுறை திருத்தப்பெற்று இன்றளவும் வழக்கில் இருக்கிறது.

வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் எண். அந்த எண்ணை நம்புவதற்கு முன், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிப்பது அவசியம். இன்றைய கணினி ஏறக்குறைய தன் தேவை முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது; ஆகையால் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் பெட்டியின் உண்மையான சக்தி விளங்கும். 500 வாட் என்று மேலே எழுதி, அட்டவணையில் 25 ஆம்பியர் என்று குறித்திருந்தால், பயன்படக்கூடியது 300 வாட் மட்டுமே. எஞ்சியது காகிதத்தில் இருக்கும் சக்தி. யோக்கியமான தயாரிப்பாளரின் பெட்டியில் இந்தப் பெருக்குத் தொகை மேலே சொன்ன எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

தேவை எவ்வளவு என்பதிலும் பலருக்கு மயக்கம் உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் வாங்கக்கூடிய ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் உண்பது. அதனுடன் ரைசன் 5 5600 பிராசஸர் அதிகபட்சமாக 88 வாட்டும், விசிறிகளும் வட்டுகளும் மற்றவையும் சேர்ந்து 50 வாட்டும் எடுத்துக்கொண்டாலும், கூட்டுத் தொகை 260 வாட்டைத் தாண்டாது. கார்டைத் தயாரித்த என்விடியா நிறுவனம் 550 வாட் மின்வழங்கி வேண்டும் என்று சொல்வது, மலிவான பெட்டிகளின் பொய்க் கணக்கையும் திடீரென்று எழும் தேவையையும் உத்தேசித்தே. அத்திடீர்த் தேவை கற்பனையன்று. விளையாட்டின் காட்சி மாறுகிற கணத்தில் கிராஃபிக்ஸ் கார்டு தன் சாதாரண அளவைப்போல் இரு மடங்கு மின்சாரத்தை ஒரு நொடிப் பொழுதுக்குள் இழுத்துவிடக்கூடும். அதற்காகவே 2022இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 பிரமாணம், புதிய 16 ஊசி இணைப்புள்ள மின்வழங்கிகள் தம் குறித்த அளவின் இரு மடங்கை விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்று விதித்தது. ஆர்டிஎக்ஸ் 5090 போன்ற 575 வாட் கார்டுகளை வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்நாடியான விதி. அந்த 16 ஊசி இணைப்பு 2022ஆம் ஆண்டின் இறுதியில் சில இடங்களில் உருகிப்போன செய்தியும், அதனால் ஊசிகளின் நீளத்தைத் திருத்தி ஏடிஎக்ஸ் 3.1 வந்ததும் அவர்கள் அறிந்தவையே. சாதாரணக் கார்டு வைத்திருப்போர் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தபடியாக, பதக்கங்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் முத்திரையைப் பெரும்பாலோர் தரச் சான்று என்றே கருதிவிடுகிறார்கள். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்ற அத்திட்டம் அளப்பது ஒன்றே ஒன்றை: சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எத்தனை பங்கு கணினிக்குப் போய்ச் சேர்கிறது, எத்தனை பங்கு வெப்பமாக வீணாகிறது என்பதை. 230 வோல்ட்டில், பாதிச் சுமையின்போது, வெண்கலம் 88 சதவீதமும் தங்கம் 92 சதவீதமும் கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பணமாக்கிப் பார்ப்போம். கணினி 300 வாட் எடுத்துக்கொண்டு தினம் 4 மணி நேரம் ஓடுகிறது என்றும், மின்சாரம் ஒரு யூனிட் 50 சென் என்றும் கொண்டால், தங்கப் பெட்டியால் ஆண்டு முழுவதற்கும் மிச்சமாவது ஏறக்குறைய 11 ரிங்கிட். தங்க முத்திரைக்காக நூறு ரிங்கிட் அதிகம் கொடுப்பவர் அதை மின்கட்டணத்தில் மீட்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தங்கப் பெட்டி வாங்கலாகாது என்று நான் சொல்லவில்லை. வெப்பம் குறைவாக எழும் பெட்டி நம் தேசத்துக்கு நல்லதே. முத்திரைக்கும் பத்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சிறியது என்பதைத்தான் வற்புறுத்துகிறேன்.

இதற்கு உலகறிந்த திருஷ்டாந்தம் உண்டு. கிகாபைட் நிறுவனத்தின் 750 வாட் மின்வழங்கி ஒன்று, தங்க முத்திரை பெற்றது, பரிசோதகர்களின் மேசையில் வெடித்துப் பழுதாவதாக 2021இல் புகார்கள் எழுந்தன. சுமை அளவு மீறும்போது தானே அணைந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு, குறித்த அளவின் 120 முதல் 150 சதவீதத்தில் வேலை செய்யும்படி அமைந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண்களுக்குரிய பெட்டிகளைத் திரும்பப் பெற்று மாற்றித் தரவும் முன்வந்தது. வெப்பமாக வீணாவது குறைவு என்பதற்காக அளித்த முத்திரை, ஆபத்துக் காலத்தில் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சாட்சி சொல்லவில்லை. மிகை மின்னோட்டம், மிகை வோல்ட், குறை வோல்ட், குறுக்குச்சுற்று, மிகை வெப்பம், மிகைச் சுமை என்னும் இந்த ஆறுக்கும் பாதுகாப்பு உண்டா என்பதையும், அவை உண்மையில் வேலை செய்தனவா என்பதையும் பரிசோதித்தவர்களின் அறிக்கையில் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த முத்திரையில் நமக்கே உரிய மற்றொரு குறையும் இருக்கிறது. 80 பிளஸ் பரிசோதனை நடைபெறுவது 23 டிகிரி உஷ்ணமுள்ள அறையில். தஞ்சோங் காராங்கின் வயல்வெளியிலோ, தகரக் கூரையிட்ட பழைய தோட்ட வீட்டிலோ, பிற்பகல் இரண்டு மணிக்கு 23 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? வெளியே 33 டிகிரி என்றால் அறைக்குள் அதற்குக் குறையாது. கணினிப் பெட்டிக்குள் இன்னும் அதிகம். சைப்ரஸ் தீவிலுள்ள சைபெனெட்டிக்ஸ் பரிசோதனைக் கூடம் சற்று அதிக வெப்பத்தில், இரைச்சலையும் சேர்த்து அளப்பதால், அதன் அறிக்கைகள் நமக்கு அதிகப் பிரயோஜனமானவை என்பது என் அபிப்பிராயம். தயாரிப்பாளர் தம் பெட்டி முழுச் சக்தியைக் கொடுக்கும் என்று சொல்வது 40 டிகிரியிலா, 50 டிகிரியிலா என்பதையும் விவரக் குறிப்பில் கவனிக்க வேண்டும். 50 என்று குறித்திருப்பதே நம் ஊருக்கு ஏற்றது.

வெப்பம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், மின்வழங்கியின் ஆயுள் அதிலுள்ள மின்தேக்கிகளின் ஆயுளே. உள்ளே திரவம் ஊறியிருக்கும் அந்தச் சிறு உருளைகள் வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்கின்றன. உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், பத்து டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த மின்தேக்கி, 75 டிகிரியில் 16,000 மணி நேரம் உழைக்கும். தினம் ஐந்து மணி நேரம் விளையாடுபவருக்கு அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக் காலம். அதே இடத்தில் 85 டிகிரிக்குத் தகுதி பெற்ற மலிவான மின்தேக்கியை வைத்தால் 4,000 மணி நேரந்தான், இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான் முதலிய ஜப்பானியப் பெயர்களைப் பரிசோதகர்கள் தேடிப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. சுமை குறைவாக இருக்கையில் விசிறி ஓடாமல் நிற்கும் வசதியைச் சில பெட்டிகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். குளிர் தேசத்தில் அது சௌகரியம், நம் வட்டாரத்தில் அதற்குரிய பொத்தான் இருந்தால் அணைத்துவிட்டு விசிறியை எப்பொழுதும் ஓட விடுவதே நலம். ஜெராம், செகிஞ்சான் பக்கத்துக் கடற்காற்றின் உப்பும், அறுவடைக் காலத்து வைக்கோல் தூசும், காற்றுத் துவாரம் வழியாக நுழைந்து மின்பலகையில் நடமாடிக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும் பல்லியும் எறும்பும், வெளிநாட்டுப் பரிசோதனைக் கூடங்களின் அட்டவணையில் இடம்பெறாத எதிரிகள். கணினிப் பெட்டியின் அடியில் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருப்பதும், கணினியைத் தரையில் வைக்காமல் உயர்த்தி வைப்பதும் அவற்றுக்குப் பரிகாரம்.

இனி இடி. சிலாங்கூர் கடற்கரையும் கிள்ளான் பள்ளத்தாக்கும் உலகில் இடிமின்னல் மிகுந்த பிரதேசங்களைச் சேர்ந்தவை. உள்நாட்டில் மாலைப் பொழுதில் மேகம் திரண்டு இடிப்பது எல்லோரும் அறிந்தது. நீரிணைக்கு அப்பாலிருந்து ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரையில் வரும் சுமத்ரா புயல்மழையோ விடியற்காலையில், எல்லோரும் உறங்கும் நேரத்தில், கரையேறுகிறது. மாலையில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் ஜாக்கிரதையுள்ளவர்கூட, இரவு விளையாடிவிட்டுச் சுவரில் அப்படியே விட்டுப் படுக்கையில், அந்த விடியற்கால மின்னலுக்கு வழி திறந்து வைக்கிறார். நல்ல மின்வழங்கியில், மிகை வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற சிறு வட்டு ஒன்று நுழைவாயிலிலேயே இருக்கும்; மலிவான பெட்டிகளில் அதற்குரிய இடத்தை வெற்றாக விட்டுவிடுவதும் உண்டு. பரிசோதனை அறிக்கைகளில் இந்தச் சிறு விவரத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஆயினும் வீட்டின் அருகிலேயே விழும் இடியை எந்த வேரிஸ்டரும் தாங்காது. படுக்கப் போகுமுன் பிளக்கைக் கழற்றுவதைவிடச் சிறந்த காப்பு இல்லை.

இடிக்கு அடுத்தபடி, கணநேரத் தடை. தூரத்துக் கம்பியில் மரக்கிளை உரசினால், விளக்கு ஒரு கணம் மங்கி மீளும். கணினியோ அணைந்து மறுபடி தொடங்கிவிடும். இந்தக் கணத்தைத் தாண்டுவதற்கே முன்னே சொன்ன பெரிய மின்தேக்கி. வெளியே மின்சாரம் நின்ற பிறகும் முழுச் சுமையைப் 16 மில்லி செகண்ட் தாங்க வேண்டும் என்பது பழைய விதி. ஏடிஎக்ஸ் 3.0 பிரமாணம் இதை 80 சதவீதச் சுமையில் 17 என்றும் முழுச் சுமையில் 12 என்றும் வகுத்தது. நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லி செகண்ட் ஆகிறது என்பதை நினைத்தால், ஒரு சுற்று தவறுவதைக்கூடத் தாங்காத பெட்டிகள் எத்தனை பலவீனமானவை என்பது புலப்படும். யுபிஎஸ் வைத்திருப்பவருக்கும் இது முக்கியம்: அது மின்கலத்துக்கு மாறுவதற்குச் சில மில்லி செகண்ட் பிடிக்கும், அந்த இடைவெளியில் கணினியைச் சுமப்பது மின்வழங்கிதான். வோல்ட் ஏற்றத்தாழ்வைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். 2008 முதல் இந்நாட்டின் அளவு 230 வோல்ட். 216 முதல் 253 வரை அது ஏறி இறங்கலாம். 100 முதல் 240 என்று குறித்த நவீனப் பெட்டிகள் குறை வோல்ட்டைச் சுலபமாகத் தாங்கும். பின்புறத்தில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள பழைய பெட்டியை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சுவிட்ச் 115இல் இருக்கையில் நம் மின்சாரத்தைக் கொடுத்தால் அது அக்கணமே வெடிக்கும்.

எல்லாவற்றிலும் அதிகமாக என் மனத்தை உறுத்துவது எர்த் கம்பி. கணினியின் இரும்பு உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்ச்சி ஓடுவதை அனுபவித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அது பெட்டியின் கோளாறன்று. மின்வழங்கியின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டி, சிறிய மின்தேக்கிகள் இரண்டின் மூலம் இரும்பு உடலுடன் இணைந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு மின்கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், கணினியின் உடல் முழுவதும் சுவர் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட், நின்றுவிடும். மின்னோட்டம் மிகச் சொற்பமாதலால் அது சாதாரணமாக ஆளைக் கொல்லாது; ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு கம்பி உடலைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது; மின்னலை விழுங்கும் உபகரணங்களும் பாதி வேலைதான் செய்யும். வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டியுடன் வரும் வேற்று நாட்டுக் கம்பியை எர்த் இல்லாத மாற்றுப் பிளக்கில் செருகுவதும், சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு ஊசிப் பிளக்கை நுழைப்பதும் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடப்பவை. சிறிய விலைக்குக் கிடைக்கும் மூன்று விளக்கு சாக்கெட் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தால் எர்த் உண்டா இல்லையா என்பது உடனே தெரியும். இல்லையெனில், பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துச் சரிசெய்த பிறகே கணினியை அந்த அறையில் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே மின்வழங்கியைப் பரிசோதிக்க இயலுமா என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கிளிப்பால் இணைத்து விசிறி சுழல்வதைக் காண்பது, பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பளுவைச் சுமக்கும் வலிமையைக் காட்டாது. கடினமான விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் மல்டிமீட்டரால் 12 வோல்ட் எங்கே நிற்கிறது என்று அளப்பது ஓரளவு பயன் தரும். அதையும் அனுபவசாலி அருகில் இருக்கையிலேயே செய்க. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம்: பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கியில் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பெட்டியை இரண்டாம் கையாக வாங்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கம்பிகள் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்; முனைகள் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும், ஊசிகளின் வரிசை மாறியிருந்தால் வட்டுகளும் மதர்போர்டும் ஒரே கணத்தில் எரிந்துபோகும். அந்தப் பெட்டிக்கே உரிய கம்பிகள் இல்லாமல் அதை வாங்கலாகாது.

வாங்குமிடம் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவாயினும், கைப்பேசி வழியே நடக்கும் இணையச் சந்தையாயினும், உத்தரவாதம் இந்நாட்டு விநியோகஸ்தருடையதா என்று கேட்டறிந்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள் என உத்தரவாதம் நீளும் பெட்டிகள் உண்டு. தயாரிப்பாளர் தம் மின்தேக்கிகளின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அந்த ஆண்டுக் கணக்கு முத்திரையைவிட நல்ல அளவுகோல். சிலாங்கூரின் வடபகுதியில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுடன் சாதாரணக் கணினி அமைக்கும் எவருக்கும் என் தீர்ப்பு இது: 50 டிகிரிக்குத் தகுதி பெற்ற, 105 டிகிரி மின்தேக்கிகள் கொண்ட, குறைந்தபட்சம் ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள 550 அல்லது 650 வாட் பெட்டி போதும், வெண்கலமானாலும் குற்றமில்லை, பணம் போதவில்லையென்றால் கண்ணாடியையும் வண்ண விளக்குகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் உத்தரவாதத்தை மறுத்தால் மனம் தளர வேண்டியதில்லை: 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்.